ஐந்தாம் நம்பர் சொக்ஸ்

உடுப்பு அறைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, மெஷினை எப்படிப் போடுவது, எந்தத் துணிக்கு எவ்வளவு சூடு என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதையெல்லாம் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்களாம். எனக்கு வாசிக்கத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். சுவரில் ஒட்ட முடியாத ஒரு சங்கதியைத்தான் நான் சொல்ல வந்தேன். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள், என் பேச்சைத் திருத்தாமல் அவளால் எழுத முடியாது. திருத்தட்டும்.

இந்த ரொறன்ரோவில் நான் தோய்க்காத விளையாட்டு உடுப்பு இல்லை. ஐஸ் ஹொக்கி விளையாடுகிறவர்களின் கையுறையை ஒருமுறை மணந்து பார்த்தவர்கள் அதற்குப் பிறகு கருவாட்டைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் என்னுடைய முதல் கிளப், சீனாக்காரரின் உதைபந்தாட்டக் கிளப். அங்கேதான் வேலை படித்தேன். ஒரு பிள்ளையின் காலைக் காப்பாற்றுகிற வாய்ப்பு என் கைக்குள் இருந்தும், அதைக் கைக்குள்ளேயே பொத்தி வைத்திருந்ததும் அங்கேதான். அதைத்தான் சொல்லப் போகிறேன். நடுவில் சிரிப்பும் வரும். சந்தோஷமாக இருந்த இடத்தைச் சந்தோஷமாகத்தானே சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளில் ஹொங்கொங்கில் இருந்து சனம் அள்ளுண்டு வந்துகொண்டிருந்தது. ஸ்காபரோவிலும் பக்கத்து ஊர் மார்க்கத்திலும் கடைப் பலகைகள் எல்லாம் சீன எழுத்துக்கு மாறின. எங்கள் கட்டடத்தில் இருந்த ஒரு அன்ரி, “இனி நாங்கள் எப்பிடிக் கடை கண்டுபிடிக்கிறது” என்று பெரிய கவலைப்பட்டா. எனக்கு ஒரு கவலையும் இல்லை. இங்கிலிசுப் பலகையையும் நான் வாசித்ததில்லை. வாசலில் வெங்காய மூட்டை இருந்தால் பலசரக்குக் கடை, தண்ணீர்த் தொட்டியில் மீன் ஓடினால் சீனாக்கடை. அவ்வளவுதான்.

அப்படி வந்தவர்களில் மிஸ்டர் லாவ் என்று ஒருவர். அவரும் மூன்று கூட்டாளிகளும் சேர்ந்துதான் கிளப்பைத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு இல்லை, தொழில்முறைக் கிளப். விளையாடுகிறதுதான் அந்தப் பிள்ளைகளுக்கு வேலை. பாதிப் பேரைச் சீனாவிலிருந்தும் ஹொங்கொங்கிலிருந்தும் கொன்ட்ராக்ட் போட்டுக் கூட்டி வந்தார்கள். கிளப்பின் பெயர் என் வாயில் நுழையாது. வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் சிவப்பாக ஒரு கொக்கு இருந்தது. அதனால் நான் சிவப்புக் கொக்கு என்றுதான் சொல்லுவேன்.

கிளப்பின் வானை ஓட்டியவன் எங்கள் கட்டடத்து ஆறாம் மாடி நேசன். இங்கிலிசு நன்றாகப் பேசுவான், சீனத்திலும் நாலு சொல் பிடித்துவிட்டான். ஒருநாள் லிஃப்டில் வைத்துக் கேட்டான்.

“அக்கா, எங்கடை கிளப்பிலை உடுப்புத் தோய்க்க ஆள் தேடுகினம். வாறீங்களே?”

“எனக்கு இங்கிலிசும் தெரியாது, சீனமும் தெரியாதடா.”

“சட்டை ஒண்டும் கதைக்காது அக்கா. வாங்கோ.”

அவன் சொன்னது பிழை. சட்டை கதைக்கும். அதை எனக்குக் காட்டித் தந்தது அங்கே ஏற்கெனவே இருந்த ஒரு சீனாக்காரர். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். ஹொங்கொங்கில் இருபது வருடம் விளையாட்டுக்காரரின் உடுப்புப் பார்த்தவர். அவருடைய பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. எல்லோரும் அங்கிள் என்றார்கள், நானும் அங்கிள் என்றேன். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. நாலு வருடத்துக்கு மேல் கையாலும் கண்ணாலும் கதைத்தோம். அந்த மனிதரோடு ஒருநாளும் சண்டை வரவில்லை. கதைக்கத் தெரிந்தவர்களோடுதான் எனக்குச் சண்டை வந்தது.

அங்கிளிடம் ஒரு முறை இருந்தது. எந்த உடுப்பையும் நேரே மெஷினுக்குள் போட விடமாட்டார். ஒவ்வொன்றாக எடுத்து உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மூக்குக்குக் கிட்டக் கொண்டு போய், அதற்குப் பிறகுதான் போடுவார். சொக்ஸையும் அப்படித்தான். இருபத்திரண்டு பேரின் நாற்பத்து நாலு சொக்ஸ். முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் புரட்டினேன். ஒரு கிழமையில் பழகிவிட்டது. ஒரு மாதத்தில் நானும் வாசிக்கத் தொடங்கிவிட்டேன். எழுத்துத்தான் எனக்கு வராது. எட்டாம் நம்பர் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுகிறான் என்பதை அவனுடைய வலக்கால் சொக்ஸின் குதி சொல்லும். பதினோராம் நம்பருக்கு முதல்நாள் இரவு நித்திரை இல்லை, சாராயம்தான் என்பதைப் பனியன் சொல்லும். நம்பர் மட்டும் எனக்குத் தெரியும் என்றபடியால் எல்லோரும் எனக்கு நம்பர்தான்.

யாருடைய உடுப்பிலாவது இரத்தமோ வேறு ஏதாவதோ கண்டால் அங்கிள் அதைத் தனியே எடுத்துக்கொண்டு போய், கால் கை பார்க்கிற டொக்டரின் மேசையில் வைத்துவிட்டு வருவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். அந்த நம்பர்க்காரனை அடுத்த மட்ச்சில் விளையாட விடாமல் வெளியே இருத்திவிடுவார்கள். அவன் உடுப்பு அறைக்கு வந்து கத்துவான். அங்கிள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காது கேட்காதவர் மாதிரி நிற்பார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. நேசனிடம் சொன்னேன்: “நல்ல மனுசன்தான், ஆனா கோள்மூட்டி. பெடியளின்ரை பிழைப்பைக் கெடுக்கிறார்.”

நேசன் சிரித்தான். “உங்களுக்குக் கோள் சொல்லத் தெரியாதாக்கும்? ஏழாம் மாடிக்காரி கறி அடிப்பிடிச்சதை எனக்கு ஆர் சொன்னது?”

“அது கறி. இது சோறு,” என்றேன் நான்.

முதல் வருடம் ஒரே தோல்வி. இரண்டாம் வருடம் புதுச் சட்டை வந்தது. பெட்டியைத் திறந்தால் பளீரென்று வெள்ளை வெளேர். இனி நான் செய்ததைக் கேளுங்கள். நமக்குப் புது உடுப்பு என்றால் ஒரு ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைக்காமல் உடுக்க முடியுமா? வீட்டிலிருந்து ஒரு கடதாசிச் சரையில் மஞ்சள்தூள் கொண்டு போய், தண்ணீரில் குழைத்து, இருபத்திரண்டு சட்டைக்கும் கீழ்க்கரையில் உள்பக்கமாக ஒவ்வொரு பொட்டு வைத்தேன். ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்தேன். சட்டைகளைப் போடுமுன் ஒருக்கால் அலசுவோம் என்று சவர்க்காரத் தண்ணீரில் போட்டதும், சவர்க்காரம் பட்ட மஞ்சள் என்ன செய்யும்? சிவந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கோச் உள்ளே வந்தார்.

கோச் ஒரு வெள்ளைக்காரர், நல்ல உயரம், முகம் எப்போதும் வெயிலில் வெந்தது மாதிரி இருக்கும். ஒரு சட்டையைத் தூக்கினார், சிவப்புப் பொட்டு. அடுத்ததைத் தூக்கினார், சிவப்புப் பொட்டு. ஐந்தாவதைத் தூக்கும்போது, “நேசன்!” என்று கட்டடம் அதிரக் கூப்பிட்டார்.

நேசன் ஓடி வந்து என்னைப் பார்த்தான். “அக்கா, எல்லாருக்கும் ஒரே இடத்திலை காயமோ எண்டு கேக்கிறார். என்ன செய்து வைச்சிருக்கிறியள்?”

“மஞ்சள்தானடா. புதுச் சட்டை எல்லே?”

“ஐயோ அக்கா. இதை நான் இங்கிலிசிலை எப்பிடிச் சொல்லுவன்?”

எப்படியோ சொன்னான். கோச் சிரித்துச் சிரித்துக் கவிழ்த்து வைத்திருந்த வாளியில் இருந்துவிட்டார். இரத்தம் எது, இரத்தம் இல்லாதது எது என்று கேட்க இனி இந்த அம்மா இருக்கிறா என்று சொன்னாராம். அன்று பின்னேரம் அந்தச் சட்டைகளோடு போய் மூன்று கோல் போட்டார்கள். அதற்குப் பிறகு புதுச் சட்டை வந்தால் பிள்ளைகளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிடுவார்கள்.

அந்த இரண்டாம் வருடமும் மூன்றாம் வருடமும் எப்படி இருந்தது என்று நினைக்கிறீர்கள்! கிளப்பின் ஏற்றம் எனக்கு மெஷின் கணக்கில்தான் தெரியும். முதலில் ஒரு மெஷின். பிறகு சிறுவர் அணி சேர்ந்து இரண்டு மெஷின். பிறகு மூன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் மார்க்கத்து மைதானத்துக்குச் சனம் குடும்பம் குடும்பமாக வந்தது. சுடுதண்ணிப் போத்தல், கொறிக்கிற சூரியகாந்தி விதை, கைக்குழந்தை எல்லாவற்றோடும் வருவார்கள். மட்ச் முடிந்து பார்த்தால் படிக்கட்டெல்லாம் விதைக் கோது. நேசன் எங்கள் கட்டடத்துப் பெடியளையும் ஏற்றிக்கொண்டு வருவான். அவர்கள் சீனத்தில் கத்தப் பழகிவிட்டார்கள். மட்ச் வென்ற அன்றெல்லாம் மிஸ்டர் லாவ் எல்லோரையும் சீனாச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போவார், உடுப்புத் தோய்க்கிற என்னையும்தான். கோழிக்கால் வரும். நான் கோழியின் மற்ற எல்லாம் சாப்பிட்டிருக்கிறேன், பாதத்தைச் சாப்பிட்டதில்லை. அங்கிள் என் தட்டில் ஒன்றை எடுத்து வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார். சாப்பிட்டேன். நல்ல ருசி. நீங்களும் வெட்கப்படாமல் சாப்பிடுங்கள்.

ஐந்தாம் நம்பர் அந்த இரண்டாம் வருடம் வந்தவன். பெயர் வெய். தெற்குச் சீனாவில் ஏதோ ஆற்றங்கரை ஊர். கோலுக்கு முன்னால் நின்று மறிக்கிறவன். இருபத்து மூன்று வயது, அகன்ற தோள், வாய் திறந்து பேச மாட்டான். நேசன் ஏற்றிக்கொண்டு வருகிற பெடியளைப் பார்த்து என்னை அன்ரி என்று கூப்பிடப் பழகினான். மற்றவர்கள் அழுக்கு உடுப்பைக் கூடைக்குள் எறிந்துவிட்டுப் போவார்கள். இவன் மட்டும் மடித்து வைப்பான். அழுக்கு உடுப்பை யாராவது மடிப்பார்களா? இவன் மடிப்பான்.

அவனுடைய சங்கதி எல்லோருக்கும் தெரியும். கொன்ட்ராக்ட் இருக்கிற வரைக்கும்தான் இந்த நாட்டில் இருக்க பேமிட். ஊரில் அவனுக்கென்று பேசி வைத்த பெண் ஒருத்தி இருந்தாள். படம் காட்டினான், வட்ட முகம், துவிச்சக்கர வண்டியோடு நின்றாள். கொன்ட்ராக்டைப் புதுப்பித்தால் அவளைக் கூப்பிடலாம். புதுப்பிக்காவிட்டால் திரும்பிப் போக வேண்டியதுதான். பேப்பர் வரும் வரும் என்று இரண்டு வருடம் இந்த நாட்டில் காத்திருந்தவள் நான். அவன் முகத்தைப் பார்க்கும்போது எனக்கு வேறு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

மூன்றாம் வருடம் ஐப்பசி மாதம். கடைசி மட்ச். அதில் வென்றால் கிண்ணம். கிண்ணம் கிடைத்தால் அடுத்த வருடம் பெரிய லீக்குக்குப் போகலாம், புதிதாகப் பணம் போட ஆட்கள் தயார் என்று மிஸ்டர் லாவ் சொல்லியிருந்தார். கிளப் முழுவதும் அந்த ஒரு மட்ச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்கு இரண்டு கிழமை முன்னால் அங்கிளின் மனைவிக்கு ஹொங்கொங்கில் சுகமில்லை என்று செய்தி வந்து அவர் புறப்பட்டார். போகும்போது என்னைக் கூடைக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய், ஒரு சொக்ஸை எடுத்துப் புரட்டிக் காட்டி, டொக்டரின் அறைப் பக்கம் கையை நீட்டினார். எனக்கு விளங்கியது. தலையை ஆட்டினேன்.

மட்ச்சுக்கு முதல் செவ்வாய்க்கிழமை, ஐந்தாம் நம்பரின் இடக்கால் சொக்ஸைப் புரட்டினேன். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு இருக்கிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சீழ் மஞ்சளும் பச்சையுமாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டு போகத் தேவையே இருக்கவில்லை. அந்த மணம் எனக்குத் தெரியும். ஊரில் இடம்பெயர்ந்து கோயில் மடத்தில் கிடந்தபோது, செல் குண்டு பட்ட காயத்தை மருந்தில்லாமல் துணியால் சுற்றி வைத்திருந்தவர்களுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறேன். அழுகின பழம் மாதிரி ஒரு இனிப்பு மணம். இது கீறல் இல்லை, இது உள்ளே போகிற காயம் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று உங்களிடம் நான் சொல்ல மாட்டேன்.

சொக்ஸைத் தனியே எடுத்தேன். டொக்டரின் அறைக்குப் போக நாலு எட்டு வைத்தேன். வாசலில் வெய் நின்றான். கையில் இருந்ததைப் பார்த்துவிட்டான்.

“அன்ரி,” என்றான். “நோ டெல். ப்ளீஸ். வன் மட்ச். ஒன்லி வன் மட்ச்.” ஒரு விரலைக் காட்டினான். பிறகு நெஞ்சுப் பொக்கட்டைத் தொட்டான். அந்தப் படம் அதற்குள்தான் இருந்தது.

நான் சொக்ஸை மெஷினுக்குள் போட்டேன்.

புதன்கிழமையும் அதே காயம். வியாழக்கிழமையும். அவன் துணியை இன்னும் தடிப்பாகச் சுற்றியிருந்தான், அதனால் கறை சின்னதாகத் தெரிந்தது. காயம் ஆறி வருகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கோச் நேசனையும் கூட்டிக்கொண்டு உடுப்பு அறைக்கு வந்தார். நான் கூடைக்கு முன்னால் இருந்து சொக்ஸ் புரட்டிக்கொண்டிருந்தேன். என் கையில் இருந்தது ஐந்தாம் நம்பர். அதை அப்படியே பக்கத்தில் இருந்த சவர்க்கார வாளிக்குள் அமிழ்த்தி, கையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

கோச் மெதுவாகக் கேட்டார். நேசன் சொன்னான்: “அக்கா, ஆருக்கும் காயம் கீயம் இருக்கோ எண்டு கேக்கிறார். பெடியளைக் கேட்டால் எல்லாரும் நோ நோ எண்டுதான் சொல்லுவாங்கள். அங்கிளும் இல்லை. உங்களுக்குத்தான் தெரியும் எண்டுறார்.”

பிள்ளைகளே, இந்த இடத்தை எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் என்னை மிரட்டவில்லை. ஒரு வேலைக்காரர் இன்னொரு வேலைக்காரரைக் கேட்கிற மாதிரிக் கேட்டார். ஆனால் எனக்குக் கேட்டது வேறு. எங்கள் வாசலுக்கு ஆமிக்காரன் வந்து கேட்டிருக்கிறான், இயக்கப் பெடியள் வந்து கேட்டிருக்கிறார்கள், இந்த நாட்டுக்கு வரும் வழியில் ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் இருந்து ஒவ்வொருவர் கேட்டிருக்கிறார்கள். கேள்வி கேட்கிறவனுக்குத் தெரியாது என்று சொன்ன வீடுதான் எங்கள் ஒழுங்கையில் தப்பியது. தெரியும் என்று சொன்ன வீட்டில் அடுத்த நாள் ஒரு ஆள் குறைந்தது. அது என் வாயில் ஊறிப் போயிருந்தது. யோசிக்கும் முன்னால் வந்துவிட்டது.

“தெரியாது.”

நேசன் என்னையே பார்த்தான். “உண்மையாவோ அக்கா?”

“தெரியாது எண்டு சொல்லடா.”

“உங்கடை முகம் சரியில்லை.”

“என்ரை முகம் எப்பவும் உதுதான். சொல்லு.”

சொன்னான். கோச் என் தோளில் ஒருதரம் தட்டிவிட்டுப் போனார். நம்பிவிட்டார். நான் தண்ணீரிலிருந்து கையை எடுத்தபோது விரலெல்லாம் சுருங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மழை. ஆனாலும் இருக்க இடமில்லை, குடைக்கு மேல் குடை. நான் வழக்கமாக உள்ளேயே நிற்பேன். அன்று கோட்டைப் போட்டுக்கொண்டு கம்பி வேலிக்குக் கிட்டப் போய் நின்றேன். மற்றவர்கள் பந்தைப் பார்த்தார்கள். நான் ஒரு காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுபது எழுபத்தைந்து நிமிடம் வரைக்கும் நன்றாகத்தான் நின்றான். கோல் ஒன்றுக்கு ஒன்று. மாற்றக்கூடிய ஆட்களை எல்லாம் கோச் மாற்றி முடித்துவிட்டார். அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு நீளமான பந்து வந்தது. வெய் அதற்காகத் திரும்பி ஓடினான். ஒருவரும் அவனைத் தொடவில்லை. ஓடிக்கொண்டிருந்தவன் மரம் சாய்கிற மாதிரி முகம் குப்புற விழுந்தான். பந்தைக் கொண்டு வந்தவன் அவனைத் தாண்டிப் போய்க் கோலுக்குள் அடித்தான். இவன் எழும்பவில்லை. டொக்டர் ஓடிப் போய்ச் சொக்ஸைக் கீழே இழுத்தார். இழுத்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கண்டேன்.

தோற்றுப் போனார்கள். அது போகட்டும்.

ஆஸ்பத்திரியில் இரண்டு தரம் வெட்டித் துப்புரவாக்கிப் பார்த்தார்கள். நஞ்சு எலும்புக்குள் போய் மேலே ஏறத் தொடங்கிவிட்டது. மூன்றாம் தரம் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமையே கொண்டு வந்திருந்தால் ஊசி மருந்தோடு, இரண்டு மூன்று கிழமை படுக்கையோடு போயிருக்கும் என்று அங்கிருந்த டொக்டர் நேசனிடம் சொன்னார். நேசன் அதை எனக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னான். சொன்னது நல்லது.

நான் பார்க்கப் போனேன். ஒரு சட்டியில் அரிசிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு போனேன், அவர்களும் நோயாளிக்குக் கஞ்சிதான் கொடுப்பார்கள். சக்கர நாற்காலியில் யன்னலோரம் இருந்தான். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. வழியெல்லாம் நேசனிடம் சொல்லிச் சொல்லி ஒரு பேச்சுத் தயார் பண்ணி வைத்திருந்தேன். மன்னித்துக்கொள் தம்பி, எனக்குத் தெரியும், நான் சொல்லியிருக்க வேண்டும் என்று. நேசன் வாயைத் திறக்க முன்னால், வெய் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

“அன்ரி குட்,” என்றான். “அன்ரி நோ டெல். தாங்க் யூ.”

அவன் மனதாரத்தான் சொன்னான். அந்த ஒரு மட்ச்சை விளையாட விட்டவள் நான் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். தயார் பண்ணிய பேச்சு ஒன்றும் வெளியே வரவில்லை. கஞ்சியைக் கரண்டியால் ஆற்றிக்கொண்டு நின்றேன். வானுக்குள் வந்து ஏறியபிறகு நேசன் சொன்னான்: “திட்டியிருந்தால் நல்லா இருந்திருக்கும் என்ன அக்கா?” பனி கொட்டத் தொடங்குமுன் வெய்யை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கிள் கார்த்திகை மாதம் திரும்பி வந்தார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டா. அந்த மனிதர் தன் துக்கத்தோடு வந்தவர், வெய்யின் சங்கதியை அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் முன்னால் வந்து நின்று ஐந்து விரலைக் காட்டினார். பிறகு கண்ணைத் தொட்டுக் காட்டினார். நீ பார்த்தாயா என்று. அவருக்கு நான் பொய் சொல்லவில்லை. தலையை ஆட்டினேன். ஸ்டூலை இழுத்து அதில் இருந்து, கன நேரம் மெஷின் சுற்றுகிறதையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. ஆனால் அடுத்த வசந்தத்தில் பயிற்சி தொடங்கியபோது, சொக்ஸ் கூடையைத் தன் பக்கத்துக்கு இழுத்து வைத்துக்கொண்டார். சட்டையும் காற்சட்டையும் எனக்கு. சொக்ஸ் அத்தனையும் அவருக்கு. நான் கை நீட்டினால் மெதுவாக என் கையை விலக்கி விடுவார். கிளப் மூடும் வரைக்கும் ஒரு சொக்ஸைக்கூட அவர் என்னைத் தொட விடவில்லை.

கிளப் அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் இழுத்துக்கொண்டு கிடந்தது. பெரிய லீக் கதவைச் சாத்தியது. பணம் போட இருந்தவர்கள் வரவில்லை, மூன்று கூட்டாளிகளில் இரண்டு பேர் கழன்றார்கள். நல்ல விளையாட்டுக்காரர் ஒவ்வொருவராகப் போனார்கள். மூன்று மெஷின் இரண்டாகி, ஒன்றாகி, அந்த ஒன்றும் பாதிதான் நிரம்பியது. படிக்கட்டில் விதைக் கோது இல்லை. கடைசி நாள் மிஸ்டர் லாவ் உடுப்பு அறைக்குத் தனியாக வந்தார். சட்டைகளை ஒவ்வொன்றாகக் கொழுவியிலிருந்து எடுத்து மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். மடிக்கத் தெரியவில்லை. சட்டைக் கைகளை உள்ளே மடிக்காமல் சுருட்டிச் சுருட்டி வைத்தார். நானும் அங்கிளும் பின்னால் நின்று ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப மடித்தோம். கொக்கு மேலே வரும்படி.

அன்று அங்கிள் போகும்போது என்னைப் பார்த்துக் குனிந்து கும்பிட்டார். பிறகு நான் அவரைக் காணவில்லை.

நேசன் என்னைத் தேற்றுவதற்காகச் சொல்லுவான்: “அக்கா, நீங்கள் சொல்லியிருந்தாலும் கிளப் விழுந்திருக்கும். ஹொங்கொங் காசு வேறை பக்கம் திரும்பீட்டுது.” அவன் சொல்லுகிறது சரி. கிளப்பை நான் விழுத்தவில்லை. வெய் விளையாடாமல் இருந்திருந்தாலும் தோற்றிருப்பார்கள், யார் கண்டது. கிளப்புகள் எழும்பும், விழும். அதற்குப் பிறகு நான் வேலை செய்த நாலு இடத்தில் இரண்டு மூடிவிட்டது. அதைப் பற்றி நான் அழுவதில்லை. அந்தக் கால் மட்டும் இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு பதினைந்து வருடம் வேறு வேறு இடங்களில் இந்த வேலைதான் செய்தேன். எல்லா உடுப்பையும் புரட்டினேன். எதைக் கண்டாலும் கொண்டு போய் மேசையில் வைத்தேன். அங்கிள் மாதிரி வாய் திறக்காமல் வைக்க எனக்குத் தெரியாது. “லுக், லுக், பாட்” என்று எனக்குத் தெரிந்த இங்கிலிசில் கத்திக்கொண்டுதான் வைப்பேன். எத்தனை பேருடைய மட்ச் என்னால் போயிருக்கிறது. ஒருத்தி என் முகத்துக்கு முன்னால் வேர்வை துடைக்கிற துவாயை எறிந்தாள். ஒருவன் ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. உங்களுக்கும் அப்படி நடக்கும். பாவம் பார்க்கச் சொல்லிக் கேட்பார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு படம் இருக்கும், ஒரு பேமிட் இருக்கும், ஒரே ஒரு மட்ச் இருக்கும். எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும்.

நான் வேலையை விட்ட வருடம், ஒரு கோல் காவலன். நல்ல உயரம், சிரித்த முகம், ஒவ்வொரு நாளும் “ஹாய் அம்மா” என்று சொல்லிவிட்டுப் போகிறவன். அவனுடைய சொக்ஸில் கண்டேன், வைத்தேன், அவனை இருத்திவிட்டார்கள். முக்கியமான மட்ச். உடுப்பு அறைக்கு வந்து, நான் இத்தனை வருடத்தில் படித்த கெட்ட இங்கிலிசு அத்தனையும், படிக்காதது கொஞ்சமும் என்னைப் பார்த்துச் சொன்னான். கதவை அடித்துச் சாத்தினான். சுவரில் ஒட்டியிருந்த தாள் ஒன்று கழன்று விழுந்தது. நான் அதை எடுக்கவில்லை. அவன் அந்த நீளமான நடையால் கோபத்தோடு போகிற சத்தம், இடது வலது, இடது வலது என்று படியிறங்கிக் கேட்காமல் போகும் வரைக்கும் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.